இரட்டை சொல்லாதது

பூநாரையின் இடது இறக்கை நுனி நடுங்கியது மொத்தம் நாலேகால் வினாடி. கவனித்தது இரண்டே பேர். ஒருத்தி, கயத்தாறு ஓடுதளத்தின் தரைக் கட்டுப்பாட்டு அறையில் திரைக்கு முன்னால் உட்கார்ந்திருந்த செண்பகவல்லி. இன்னொருவர், எட்டாயிரம் அடி உயரத்தில் அந்த விமானத்தை ஓட்டிக்கொண்டிருந்த கேப்டன் கஸ்பார் மிராண்டா.

அது அறுபத்தோராவது சோதனைப் பறப்பு. இறக்கையைச் சோதிப்பதற்கான பறப்புகூட இல்லை. பயணிகள் உட்காரும் பகுதி எவ்வளவு நேரத்தில் குளிர்கிறது என்று பார்க்கத்தான் மேலே போயிருந்தார்கள். சித்திரை மாத நண்பகல். ஓடுதளத்தைச் சுற்றியிருந்த காற்றாலைகள் வேகம் பிடிக்கத் தொடங்கியிருந்தன. குறுக்குக் காற்று கூடுவதற்குள் இறங்கிவிடலாம் என்று கஸ்பார் கொஞ்சம் விரைவாகவே கீழே வந்தார். அப்போதுதான் அந்த நடுக்கம்.

"செண்பகம், இடது பக்கம் ஏதும் தெரிஞ்சுதா?" ரேடியோவில் அவர் குரல் நிதானமாக இருந்தது.

"தெரிஞ்சுது கேப்டன். வேகத்தக் குறைங்க."

"குறைச்சிட்டேன். நின்னுட்டு."

செண்பகவல்லிக்கு நாற்பத்து நாலு வயது. கோவில்பட்டிக்காரி. பதினாறு வருடமாக விமான இறக்கைகளின் அதிர்வைத் தவிர வேறு எதையும் அவள் படித்ததில்லை, பார்த்ததில்லை. நூற்றிருபது பேர் பயணம் செய்யப்போகிற பூநாரையில் இறக்கை உறுதியாக இருக்கிறது என்று கையெழுத்துப் போடவேண்டியவள் அவள்தான். அந்தக் கையெழுத்தை இன்னும் ஒன்பது நாளில் சான்றிதழ் வாரியத்தின் முன்னால் போடுவதாக இருந்தது.

விமானம் இறங்கியதும் அவள் வெயிலில் நடந்தே போய்க் கஸ்பாரைப் பிடித்தாள். தூத்துக்குடியில் பிறந்து, விமானப் படையில் இருபது வருடம் ஓட்டிவிட்டு வந்தவர். வேலை நேரத்தில் கேப்டன், மற்ற நேரத்தில் அவளுக்கு அண்ணன்.

"எப்படிண்ணே இருந்துச்சு?"

"பஸ்ல கடைசி சீட்டுல உக்காந்து போவோம்லா. டயர்ல காத்து குறைஞ்சா ஒரு ஆட்டம் வரும் பாத்திருக்கியா? கண்ணுக்குத் தெரியாது. முதுகுக்குத்தான் தெரியும்."

"இடது இறக்கைக்குள்ள வெளித் தொட்டியில எரிபொருள் மிச்சம் இருந்துச்சுண்ணே. பம்பு மெதுவா இழுத்திருக்கு. மூணுல ஒரு பங்கு அப்படியே கிடந்திருக்கு. வழக்கமா இறங்கும்போது அது காலியா இருக்கும்."

"அப்ப அதானா?"

"தெரியல. நிஷாகிட்ட கேக்கணும்."

நிஷாவிடம் கேட்பது என்றால் இரட்டையிடம் கேட்பது என்று அர்த்தம்.

ஒவ்வொரு புது விமானத்துக்கும் கணினிக்குள் அதேபோல் ஒன்றைக் கட்டி வளர்க்கும் பழக்கம் பல வருடங்களுக்கு முன்பே வந்துவிட்டது. ஆணி முதல் பசை வரை அச்சாக அதே விமானம். மழையில், பனியில், ஒரு எஞ்சின் அணைந்த நிலையில் என்று அதை இரவும் பகலும் பறக்கவிடலாம். யாருக்கும் அடிபடாது. அது பறக்கும் நேரத்தை நிஜமான பறப்பாகவே கணக்கில் சேர்த்துக்கொள்ளலாம் என்று சட்டம் வந்து எட்டு வருடம் ஆகியிருந்தது. முன்பெல்லாம் ஒரு விமானத்தைச் சோதிக்க ஐந்து வருடம் பறக்கவேண்டும். இப்போது தொண்ணூறு மணி நேரம் போதும். மிச்சத்தை இரட்டை பார்த்துக்கொள்ளும். பூநாரையின் இரட்டை நாற்பத்தொரு லட்சம் மணி நேரம் பறந்து முடித்திருந்தது. அதைப் பார்த்துக்கொள்பவள் மேலப்பாளையத்து ரஹ்மத் நிஷா.

அன்று பிற்பகலே நிஷா அதே உயரம், அதே வேகம், அதே தொட்டி அளவு எல்லாவற்றையும் கொடுத்து இரட்டையைப் பறக்கவிட்டாள். நூறு தடவை. நூறு தடவையும் இறக்கை ஒரு வினாடிக்குள் அடங்கியது.

"ஒண்ணுமே இல்லக்கா," என்றாள் நிஷா. "சென்சார் கோளாறா இருக்கும். இறக்கைச் சோதனை முடிஞ்சதுன்னு மத்த சென்சார எல்லாம் கழட்டியாச்சு. அங்கன இருந்தது ஒண்ணே ஒண்ணுதான்."

"கஸ்பார் அண்ணன் முதுகு?"

நிஷா சிரித்தாள். பிறகு செண்பகத்தின் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்திக்கொண்டாள்.

திட்ட இயக்குநர் வேதமூர்த்தி கெட்ட மனிதர் இல்லை. சென்னையிலிருந்து வந்து, கங்கைகொண்டானில் வெறும் பொட்டலாகக் கிடந்த இடத்தில் தொழிற்சாலை எழுப்பி, மூவாயிரம் பேரை வேலைக்கு எடுத்தவர். அதில் பாதிப் பேர் அதுவரை விமானத்தைப் பக்கத்தில் பார்த்திராதவர்கள். செண்பகம் சொன்னதை எல்லாம் அவர் குறுக்கிடாமல் கேட்டார்.

"ஒரு பக்கம் ஒரு சென்சாரும் ஒரு முதுகும். இன்னொரு பக்கம் நாற்பத்தொரு லட்சம் மணி நேரம். ரெண்டும் ஒத்துப்போகலைன்னா எதை எடுத்துக்கணும்னு சட்டத்துலயே இருக்கு, இல்லையா?"

"இரட்டைய எடுத்துக்கணும் சார்."

"அப்புறம்?"

"எனக்கு ஒரு பறப்பு வேணும். இறக்கை நுனி பூரா சென்சார் வெச்சு, தொட்டிய மூணுல ஒரு பங்கு நிரப்பி, படிப்படியா வேகத்தக் கூட்டிப் பாக்கணும்."

"ஒண்ணும் இல்லைன்னா?"

"கையெழுத்துப் போட்டுருவேன்."

"இருந்தா?"

செண்பகம் கொஞ்சம் யோசித்தாள். "பம்பு மெதுவா இழுக்கிறது அதிசயம் இல்ல சார். நாப்பது விமானம், தினம் நாலு பறப்புன்னு வெச்சுக்கோங்க. வாரத்துல ஒரு நாள் எங்கயாவது ஒண்ணுல இந்த மாதிரி மிச்சம் கிடக்கும். அன்னைக்கு ஓட்டுறவரு அவசரமா இறங்கினா, உள்ள நூத்தியிருபது பேர் இருப்பாங்க."

வேதமூர்த்தி காலண்டரைப் பார்த்தார். மிச்சமிருந்தது இரண்டே பறப்புகள். ஒன்று வாரியத்துக்குக் காட்டுவதற்கு. "இன்னொண்ணை எடுத்துக்கோங்க," என்றார். "வேண்டாம்னு சொல்ல எனக்கு உரிமை இருக்கு. ஆனா சொல்லிட்டு என்னால தூங்க முடியாது."

வீட்டில் அவள் கணவன் ஆவுடையப்பனுக்கு விஷயம் அதற்குள் எட்டியிருந்தது. அவன் கங்கைகொண்டானில் இறக்கை ஒட்டும் பிரிவில் ஃபோர்மேன். பூநாரையின் இரண்டு இறக்கைகளும் அவன் ஆட்களின் கைவழியாகத்தான் வந்தன. சாப்பாட்டுத் தட்டை முன்னால் வைத்துக்கொண்டு சாப்பிடாமல் இருந்தான்.

"நாங்க ஒட்டினதுல கோளாறா?"

"ஒட்டினதுல ஒண்ணும் இல்லீங்க. ஊஞ்சல் ஆடி வரும்போதெல்லாம் சரியான நேரத்துக்கு ஒருத்தன் தள்ளிவிட்டா என்னாகும்? கூடிக்கிட்டே போகும்லா. இறக்கை ஆடுறதுக்கும் காத்து தள்ளுறதுக்கும் சில சமயம் அப்படிப் பொருந்திரும். உள்ள கிடக்குற எரிபொருளும் சேந்து ஆடுதுன்னு நினைக்கேன்."

"உறுதியாச் சொல்லுதியா?"

"உறுதியாத் தெரிஞ்சா எதுக்குப் பறந்து பாக்கச் சொல்லப்போறேன்?"

அவன் தட்டை இழுத்துக்கொண்டான். இரண்டு வாய் சாப்பிட்ட பிறகு, "சென்சார் வைக்கிறதுக்கு யாரு வாரா?" என்று கேட்டான்.

"இன்னும் ஆள் சொல்லல."

"நான் வாரேன். நுனியில தோலு மெல்லிசு. தெரியாதவன் கைய வெச்சா சுரண்டிருவான்."

ஞாயிற்றுக்கிழமை அவனும் இன்னும் நாலு பேரும் கயத்தாறுக்கு வந்து, கொட்டகை வெக்கையில் மல்லாந்து கிடந்து பதினொரு சென்சார்களை ஒட்டினார்கள். சோதனையில் செண்பகம் சொல்வது சரியென்று வந்தால் தங்கள் வேலை நின்றுபோகும் என்பது ஐந்து பேருக்கும் தெரியும். யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. ஒரே ஒருவன் மட்டும் கிளம்பும்போது, "அக்கா, ஒண்ணும் இருக்காதுல்லா?" என்று கேட்டான். இருக்காது என்று சொல்ல அவளுக்கு ஆசையாக இருந்தது. "பாப்போம்" என்றாள்.

அறுபத்திரண்டாவது பறப்பு புதன்கிழமை காலை ஏழு மணிக்கு. எது உடைந்து விழுந்தாலும் யார் தலையிலும் விழக்கூடாது என்பதால் மணப்பாட்டுக்குத் தெற்கே கடல் மேல் வைத்துக்கொண்டார்கள். விமானத்தில் கஸ்பாரும் துணை விமானியும் மட்டும். இருவர் முதுகிலும் பாராசூட். புறப்படுவதற்கு முன் கஸ்பார் தூத்துக்குடிக்குப் போன் போட்டு மனைவியிடம் மத்தியானத்துக்கு என்ன குழம்பு என்று மட்டும் கேட்டுக்கொண்டார்.

செய்யவேண்டியது எளிமையானதுதான். ஒரு வேகத்தில் பறந்துகொண்டே விமானி கைப்பிடியை ஒரு தட்டுத் தட்டுவார். இறக்கை நடுங்கும். எவ்வளவு நேரத்தில் அடங்குகிறது என்று செண்பகம் திரையில் பார்ப்பாள். அடங்கினால் அடுத்த வேகம். அடங்க மூன்று வினாடிக்கு மேல் ஆனால் அந்த இறக்கை தேறாது.

"முந்நூறு நாட்," என்று வேகத்தைச் சொன்னார் கஸ்பார். தட்டினார்.

திரையில் கோடு எழுந்து, சுருங்கி, படுத்தது. "ஒரு வினாடி. மேல போங்க கேப்டன்."

"முந்நூத்தி அஞ்சு."

"ஒண்ணரை. போங்க."

"முந்நூத்திப் பத்து."

கோடு இந்த முறை மெதுவாகச் சுருங்கியது. "ரெண்டேகால்," என்றாள். அவள் பின்னால் வேதமூர்த்தி நின்றுகொண்டிருந்தார். பக்கத்தில் இன்னொரு திரையில் நிஷா அதே கணத்தில் இரட்டையையும் பறக்கவிட்டிருந்தாள். அங்கே இறக்கை ஒரு வினாடிக்குள் அடங்கி நிம்மதியாக இருந்தது.

இதோடு நிறுத்தலாம். ஆனால் இரண்டேகால் வினாடி சட்டப்படி தேறிய கணக்கு. இதை வைத்துக்கொண்டு வாரியத்தின் முன் நின்றால், இரட்டைதான் சரி, சோதனையில் சிறு வேறுபாடு என்று எழுதி மூடிவிடுவார்கள்.

"செண்பகம்," என்றார் கஸ்பார். "இன்னும் ரெண்டு நாட் கூட்டுனா வந்துரும்னு எனக்குத் தோணுது. போகட்டுமா?"

கேட்டது அவர். பதில் சொல்லவேண்டியது அவள். மேலே இருப்பது அவர். கீழே இருப்பது அவள்.

"ரெண்டு நாட். அதுக்கு மேல ஒண்ணுகூட வேண்டாம். தட்டினதும் கைய வேகத்தக் குறைக்கிற பிடியில வெச்சுக்கோங்க."

"முந்நூத்திப் பன்னெண்டு."

கோடு எழுந்தது. சுருங்கவில்லை. ஒரு கணம் அப்படியே நின்றது. பிறகு அகலமானது.

"நிறுத்துங்க. குறைங்க, குறைங்க, குறைங்க."

அவள் மூன்றாவது முறை சொல்வதற்குள் பதினொரு கோடுகளில் நாலு கோடுகள் ஒரே நேரத்தில் தட்டையாகிப் போயின. அந்தச் சென்சார்கள் பழுதாகவில்லை, அவை இருந்த இடமே இல்லாமல் போய்விட்டது என்று அவளுக்குப் புரிந்தது. ரேடியோவில் ஒரு பெரிய இரைச்சல். பிறகு ஒன்றுமில்லை. ஆறு வினாடி. நிஷா அவள் தோளைப் பிடித்துக்கொண்டிருந்தாள். எப்போது பிடித்தாள் என்று தெரியவில்லை.

"இருக்கோம்," என்றது கஸ்பாரின் குரல். "ரெண்டு பேரும் இருக்கோம். இடது பக்கம் இழுக்குது. கடல் மேலயே ஒரு சுத்து சுத்தி நிதானமாக் கொண்டாறேன். ஓடுதளத்த மொத்தமாக் காலியா வைங்க."

இருபத்தேழு நிமிடம் கழித்து பூநாரை ஒரு பக்கம் சாய்ந்தபடி வந்து இறங்கியது. இடது இறக்கையின் நுனியில் ஓர் ஆள் நீளத்துக்குக் காணோம். கிழிந்த இடத்தில் நார்கள் தொங்கின. ஆவுடையப்பன் ஏணி வைத்து ஏறி அந்த விளிம்பைத் தடவிப் பார்த்தான். வெகுநேரம் பார்த்தான். "ஒட்டின இடத்துல விடல," என்று கீழே இருந்தவர்களைப் பார்த்துச் சொன்னான். இறங்கி, ஏணியை மடக்கிக்கொண்டு போனான்.

கஸ்பார் செண்பகத்தின் அருகில் வந்து நின்றார். "மூணுல ஒரு பங்குன்னு நீ கண்டுபிடிக்கலன்னா," என்று தொடங்கி, முடிக்காமல் விட்டுவிட்டார்.

அன்றைக்கு எல்லோரும் அவளைப் புகழ்ந்தார்கள். வேதமூர்த்தி எல்லார் முன்னாலும் அவள் கையைப் பிடித்துக் குலுக்கினார். ஆனால் ஒரு கேள்வி மிச்சம் இருந்தது. நிஜம் உடைந்துபோன இடத்தில் இரட்டை மட்டும் எப்படி உடையாமல் பறந்தது?

மறுநாள் பிற்பகல் நிஷா அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டாள். கதவைச் சாத்தினாள்.

"இரட்டைக்கு இது தெரியாம இல்லக்கா."

"என்ன சொல்லுத?"

"கணக்குல இந்த நடுக்கம் வருது. ஒவ்வொரு தடவையும் வருது. வந்ததும் அதுவே அழிச்சிருது. அழிச்சிட்டு, அடங்கிட்டுன்னு சொல்லுது."

"அதுக்கு அழிக்கச் சொல்லிக் கொடுத்தது யாரு?"

நிஷா திரையைத் திருப்பினாள். "மொதல்லலாம் அது எத்தனை பொய் சொல்லும், ஞாபகம் இருக்காக்கா? சக்கரம் இறக்கையத் துளைச்சிட்டுன்னு சொல்லும். எரிபொருள் கொதிக்குதுன்னு சொல்லும். ஒரு நாளைக்கு நானூறு வரும். நாம உக்காந்து ஒவ்வொண்ணா 'கணக்குப் பிழை'ன்னு குறி போடுவோம். நாம எதைப் பிழைன்னு சொன்னோமோ, அந்த மாதிரி அடுத்து வந்தா அதுவே கழிச்சிரும். அப்படித்தான் அது படிச்சுச்சு."

"அதுல இதுவும் இருக்கா?"

"இருநூத்திப் பன்னெண்டு தடவை. அஞ்சு வருஷத்துக்கு முன்னாடி, ஒரு வெள்ளிக்கிழமை. வெளித் தொட்டி மூணுல ஒரு பங்கு, வேகமா இறங்கும்போது இடது நுனி அடங்கலன்னு இருநூத்திப் பன்னெண்டு தடவை சொல்லியிருக்கு. எல்லாத்துக்கும் குறி விழுந்திருக்கு. பத்தொம்பது நிமிஷத்துல."

ஒவ்வொரு குறிக்குப் பக்கத்திலும் போட்டவரின் பெயர்ச் சுருக்கம் இருந்தது. செ.வ. செ.வ. செ.வ. திரையை எவ்வளவு தூரம் இழுத்தாலும் அதுவே வந்துகொண்டிருந்தது.

செண்பகம் அந்த வெள்ளிக்கிழமையை நினைவுபடுத்திப் பார்த்தாள். ஒன்றும் வரவில்லை. என்ன சேலை கட்டியிருந்தாள், மழை பெய்ததா, மதியம் என்ன சாப்பிட்டாள், எதுவும் இல்லை. ஏதோ ஒரு பிற்பகலில் அவள் விரல் இருநூற்றுப் பன்னிரண்டு முறை ஒரே பொத்தானை அழுத்தியிருக்கிறது. அவ்வளவுதான்.

"அக்கா," நிஷா குரலைத் தாழ்த்தினாள். "இறக்கை உடைஞ்சது எல்லாருக்கும் தெரியும். நுனியக் கெட்டிப்படுத்துவாங்க, இன்னொரு பம்பு வைப்பாங்க, முடிஞ்சிரும். இந்தப் பட்டியல யாரும் கேக்கல. கேக்கவும் மாட்டாங்க."

"நீ கேட்டியே."

நிஷா பட்டியலை மறுபடி மேலே இழுத்தாள்.

"இதத் தவிர நான் எத்தனைக்குக் குறி போட்டிருக்கேன்?"

"பதினோராயிரத்து நானூறு."

"மத்தவங்க?"

"அத எண்ணலக்கா."

வேதமூர்த்தி அந்தப் பட்டியலை இரண்டு முறை படித்தார். கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"நீங்க இதை வாரியத்துல சொன்னா கேள்வி நம்ம விமானத்தோட நிக்காது. எல்லா இரட்டையும் இப்படித்தான் படிச்சிருக்கு. எட்டு வருஷமா மத்தவங்க விமானம் எல்லாம் பறந்துக்கிட்டிருக்கு. ஒண்ணும் ஆகல."

"ஆகலன்னு தெரியும் சார். ஏன் ஆகலன்னு தெரியாது."

"உங்க கையெழுத்து உரிமை போயிடும்."

"போகும்."

"நம்ம இரட்டையோட பறப்பு எதுவும் செல்லாதுன்னு சொல்லிடுவாங்க. முதல்லேருந்து பறக்கணும். மூவாயிரம் பேர்கிட்ட நான் என்ன சொல்றது?"

"நான் சொல்லுதேன் சார்."

சொன்னாள். வெள்ளிக்கிழமை மதிய ஷிப்டு மாறும் நேரத்தில் கங்கைகொண்டான் கொட்டகையில் ஒரு மரப்பெட்டி மேல் ஏறி நின்று, நடந்ததை நடந்தபடி சொன்னாள். குறி போட்டது தான் என்பதையும் சொன்னாள். யாரோ, "எத்தனை மாசம் ஆகும்?" என்று கேட்டார்கள். "ஒரு வருஷத்துக்கு மேல," என்றாள். வயரிங் பிரிவிலிருந்த ஒரு பெண், "ஏம்மா, நுனிய மட்டும் சரிபண்ணிட்டுப் போயிரக்கூடாதா?" என்று கேட்டாள். கோபமாகக் கேட்கவில்லை. அதுதான் செண்பகத்துக்குத் தாங்க முடியாமல் இருந்தது.

"உங்க மகளும் மகனும் ஒருநாள் இதுல ஏறுவாங்கக்கா," என்றாள். "அன்னைக்கு நான் பாக்காம விட்டது எதுவும் அதுக்குள்ள இருக்கக்கூடாது."

கூட்டம் மெல்லக் கலைந்தது. சிலர் அவள் முகத்தைப் பார்க்காமலே போனார்கள். ஆவுடையப்பன் கடைசி வரிசையில் நின்றிருந்தான். எல்லோரும் போன பிறகு முன்னால் வந்து, அவள் இறங்கக் கை கொடுத்தான்.

வாரியம் கயத்தாறிலேயே கூடியது. தலைவி பத்மலோசனி சென்னையிலிருந்து அன்று காலை வந்திருந்தார். அறுபதை நெருங்குகிறவர். அவரும் ஒரு காலத்தில் பொறியாளராக இருந்தவர். செண்பகம் பேசி முடிக்கும்வரை ஒரு குறிப்பும் எடுக்கவில்லை.

"அந்த இருநூற்றுப் பன்னிரண்டு குறி போட்டப்போ நீங்க என்ன நினைச்சீங்க?"

"ஒண்ணும் நினைக்கல மேடம். அதான் தப்பு."

"மிச்சம் பதினோராயிரத்துல எத்தனை சரி?"

"தெரியாது. ஒவ்வொண்ணையும் திறந்து பாக்கணும். சிலதைப் பறந்து பாத்தாத்தான் தெரியும்."

"அதுவரைக்கும் இந்த விமானத்துக்குக் கையெழுத்துப் போடுவீங்களா?"

"மாட்டேன்."

பத்மலோசனி பேனாவை மூடினார். பூநாரையின் சான்றிதழ் நிறுத்திவைக்கப்படுகிறது, செண்பகவல்லியின் கையெழுத்து உரிமை மூன்று வருடத்துக்கு விலக்கிக்கொள்ளப்படுகிறது என்று படித்துவிட்டுக் கூட்டத்தை முடித்தார்.

பூநாரை பத்தொன்பது மாதம் கழித்துத்தான் சான்றிதழ் பெற்றது. கஸ்பார் அதற்குள் எழுநூறு மணி நேரம் அதில் நிஜமாகவே பறந்து முடித்திருந்தார். கங்கைகொண்டானில் பாதிப் பேருக்குத்தான் வேலை இருந்தது. ஆவுடையப்பன் ஒரு வருடம் காற்றாலை இறக்கைகளைப் பழுதுபார்க்கப் போனான். தெருவில் இரண்டு வீட்டார் செண்பகத்தோடு பேச்சை நிறுத்திக்கொண்டார்கள். ஒரு வீட்டார் பிறகு பேசினார்கள். கையெழுத்து இல்லாத செண்பகம் நிஷாவின் பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டுக்கொண்டு, தான் போட்ட பதினோராயிரத்து நானூறு குறிகளையும் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தாள். ஒரு நாளைக்கு முப்பதுக்கு மேல் அவள் பார்ப்பதில்லை. அவற்றில் இன்னும் மூன்று இடத்தில் இரட்டை சொன்னதே சரியாக இருந்தது.

வாரியம் கூடிய நாளில் கார் அருகே நடந்த பேச்சு மட்டும் எந்தச் செய்தியிலும் வரவில்லை.

கூட்டம் முடிந்து, சாயங்கால வெயிலில் எல்லோரும் வெளியே வந்தார்கள். தலைவியைத் தூத்துக்குடி விமான நிலையத்துக்குக் கொண்டுபோகக் கார் நின்றிருந்தது. பத்மலோசனி கதவைத் திறந்தவர் ஏறாமல் நின்றார். திரும்பி செண்பகத்தைப் பார்த்துக் கையசைத்துக் கூப்பிட்டார்.

"இரட்டைச் சட்டத்துல முதல்ல சான்றிதழ் வாங்கின விமானம் எதுன்னு உங்களுக்குத் தெரியுமில்ல?"

தெரியும். எல்லோருக்கும் தெரியும். நாட்டில் இப்போது பறக்கிறவற்றில் மூன்றில் ஒன்று அந்த ரகம்தான்.

"வாரியத்துக்கு வர்றதுக்கு முன்னாடி நான் அங்கதான் இருந்தேன். அதோட இரட்டைக்கு மூணு வருஷம் குறி போட்டது நான். ஒரு நாளைக்கு அறுநூறு." அவர் காரின் கூரையில் கை வைத்தார். வெயிலில் அது சுட்டிருக்க வேண்டும். கையை எடுக்கவில்லை. "நீங்க பதில் சொன்னப்போ நானும் ஞாபகப்படுத்திப் பாத்தேன். ஒரு நாள்கூட ஞாபகத்துக்கு வரல."

அந்த அம்மாள் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. பையிலிருந்து போனை எடுத்து யாரையோ அழைத்தார்.

"நான்தான் பேசுறேன். இப்போலேருந்து அந்த ரகம் ஒண்ணுகூடக் கிளம்பக்கூடாது. உத்தரவை இப்பவே அனுப்புங்க. ஆமா, எல்லாமும்தான். காரணம் கேட்டா என் பேரைப் போடுங்க. இல்ல, பதவியைப் போட வேண்டாம். பேரைப் போடுங்க."

போனைப் பைக்குள் வைத்தார். அவர் பையின் ஓரத்தில் திரும்பிப்போவதற்கான விமானச் சீட்டு நீட்டிக்கொண்டிருந்தது. வந்த விமானமும் போகவேண்டிய விமானமும் எந்த ரகம் என்று செண்பகத்துக்கு அப்போதுதான் உறைத்தது.

"இங்கேருந்து சென்னைக்கு ரயில் எங்க ஏறணும்?" என்று கேட்டார் பத்மலோசனி.

"கோவில்பட்டியில மேடம். அரைமணி நேரத்துல போயிரலாம். ஆனா இப்பப் போயி படுக்கை கிடைக்காது. உக்காந்துக்கிட்டேதான் போகணும்."

"பரவாயில்ல. உக்காந்தே போறேன்."

அவர் ஏறிக்கொண்டார். செண்பகம் முன்பக்கம் குனிந்து, வண்டியைக் கோவில்பட்டிக்கு விடச் சொன்னாள்.